பந்தை இழக்கத் துணிந்தவனுக்குத்தான் பந்தைக் கொடுக்க வேண்டும்!

இடது ஓரத்தில் விங்கருக்குப் பந்து வருகிறது. எதிரே ஒரே ஒரு டிஃபெண்டர். அவருக்குப் பின்னால் இருபது மீட்டர் காலி மைதானம். விங்கர் என்ன செய்கிறார்? பந்தை நிறுத்துகிறார். ஒரு முறை உடம்பை ஆட்டுகிறார். பிறகு திரும்பி, பின்னால் நிற்கும் சக ஆட்டக்காரருக்குத் தட்டி விடுகிறார். கோச் கை தட்டுகிறார். வர்ணனையாளர் "பொறுமையான ஆட்டம்" என்று பாராட்டுகிறார். அந்த டிஃபெண்டர் மட்டும் நிம்மதியாக மூச்சு விடுகிறார். ஏனென்றால் அவருக்குத்தான் தெரியும், இப்போது தப்பித்தது யார் என்று!

இன்றைய கால்பந்தின் பெரிய வியாதி இதுதான். ஆளைத் தாண்டிப் போகத் தெரிந்தவன் என்பதற்காகவே ஒருவனைக் கோடிக்கணக்கில் கொட்டி வாங்குகிறார்கள். வாங்கிய மறுநாளே, ஆளைத் தாண்டாதே என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். பந்தயக் குதிரையை வாங்கி வந்து ஜட்கா வண்டியில் பூட்டுவதற்குப் பெயர் திட்டமிடல் அல்ல.

நூறு மில்லியன் பவுண்டுக்கு ஒரு காவல்காரர்

2021 ஆகஸ்டில் மான்செஸ்டர் சிட்டி, ஆஸ்டன் வில்லாவிடமிருந்து ஜாக் கிரீலிஷை வாங்கியது. விலை 100 மில்லியன் பவுண்டு. அன்றைக்கு அது இங்கிலாந்துக் கிளப் ஒன்று கொடுத்த அதிகபட்ச விலை. வில்லாவில் கிரீலிஷ் எப்படி ஆடினார் என்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். காலுறையை இறக்கி விட்டுக்கொண்டு, பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு, நேராக ஆளை நோக்கி ஓடுவார். நிறுத்த முடியாதவர்கள் காலை வாரினார்கள். 2019-20 பருவத்தில் பிரீமியர் லீகிலேயே அதிகமாக ஃபவுல் வாங்கியவர் அவர்தான்.

சிட்டிக்கு வந்த பிறகு? ஓரக்கோட்டில் பந்தை வாங்கி, நின்று, எதிரணி வரிசை கட்டும் வரை காத்திருந்து, திருப்பிக் கொடுக்கும் ஆளாக மாறினார். பந்தைப் பத்திரமாக வைத்திருப்பதுதான் அவர் வேலை. நூறு மில்லியனுக்கு ஒரு லாக்கர்!

இங்கே ஒரு எதிர்வாதம் உடனே வரும். "2022-23ல் சிட்டி லீக், எஃப்.ஏ. கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்றது. கிரீலிஷ் அதில் முக்கியமான ஆள். பெப் கார்டியோலாவுக்குத் தெரியாததா?" நியாயமான கேள்விதான். கிரீலிஷ் பந்தைப் பிடித்து நிறுத்தியதால் அணிக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது, எதிர்த்தாக்குதல் குறைந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் கோப்பை வென்றது என்பது அணி நல்ல அணி என்பதற்குச் சாட்சி. அந்த ஒரு மனிதரைச் சரியாகப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு அது சாட்சி ஆகாது. லாபத்தில் ஓடும் கம்பெனியில் ஒரு மெஷின் பாதித் திறனில் ஓடலாம். மொத்த லாபத்தைக் காட்டி அந்த மெஷினைப் பற்றிப் பேசாதே என்று சொல்ல முடியுமா?

இதற்குப் பதில் சொன்னது வேறு யாருமல்ல, அதே சிட்டிதான். மூன்று கோப்பை வென்ற அதே கோடையில், 2023 ஆகஸ்டில், ரென் கிளப்பிலிருந்து ஜெரமி டோக்கு என்ற பெல்ஜியப் பையனை வாங்கினார்கள். நின்று யோசிக்கிற ஜாதியே இல்லை அவர். பந்து வந்தால் எதிரே நிற்பவர் மேல் பாய வேண்டியதுதான். அந்த நவம்பரில் போர்ன்மத்துடன் நடந்த ஆட்டத்தை சிட்டி 6-1 என்று வென்றது. டோக்கு ஒரு கோல் அடித்தார், நான்கு கோலுக்குப் பந்து கொடுத்தார். 2024ல் சாவின்யோ என்ற இன்னொரு டிரிப்ளரையும் வாங்கினார்கள். 2025 ஆகஸ்டில் கிரீலிஷ் எவர்ட்டனுக்கு லோனில் போனார். ஆளைத் தாண்டுகிறவர் தேவையில்லை என்றால் எதற்கு மறுபடி மறுபடி அதே சரக்கை வாங்க வேண்டும்?

ஒரு பக்கக் கணக்கு

டிரிப்ளரைக் குறை சொல்கிறவர்கள் காட்டுவது ஒரே ஒரு கணக்கு: எத்தனை முறை பந்தை இழந்தார்? பேரேட்டில் பற்று மட்டும் எழுதி வரவு எழுதாமல் விட்ட கணக்கு அது. எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

முதலில், எங்கே இழந்தார் என்று பார்க்க வேண்டும். மைதானத்தின் நீளம் சுமார் 105 மீட்டர். எதிரணியின் கார்னர் கொடிக்குப் பக்கத்தில் பந்தைப் பறிகொடுத்தால், சொந்த கோல் எண்பது மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. பறித்தவனுக்கு ஒரு பக்கம் வெள்ளைக் கோடு. அவன் திரும்பி, ஆள் பார்த்து, பந்தை வெளியே கொண்டு வருவதற்குள் அணி ஒழுங்காக நின்றுவிடலாம். பல சமயம் பந்து கோட்டைத் தாண்டிப் போய் த்ரோ-இன் ஆகும், அவ்வளவுதான். அதே பந்தை நடு மைதானத்தில் ஒரு மிட்ஃபீல்டர் "பாதுகாப்பான" குறுக்குப் பாஸில் தவறவிட்டால்? நேரே கோல் வரைக்கும் கதவு திறந்திருக்கும். இரண்டும் புள்ளிவிவரத்தில் "பந்து இழப்பு: 1" என்றுதான் பதிவாகும். இரண்டும் ஒன்றா?

அடுத்து, வரவுப் பக்கம். பதினொரு பேர் கட்டிய சுவரைப் பாஸினால் மட்டும் உடைக்க வேண்டுமானால் நான்கு ஐந்து பேர் ஒரே நொடியில் சரியாக நகர வேண்டும். டிரிப்ளர் அதை ஒற்றை ஆளாகச் செய்கிறார். எதிரே நிற்கும் ஃபுல்பேக்கைத் தாண்டிவிட்டால், அடைக்க ஒரு சென்டர்பேக் தன் இடத்தை விட்டு வந்தாக வேண்டும். அவர் வந்தால் ஸ்ட்ரைக்கர் தனியாக நிற்பார். வராவிட்டால் விங்கர் கோலுக்கே போய்விடுவார். எதைச் செய்தாலும் நட்டம்.

அதைவிட முக்கியம், அவர் தாண்டக்கூட வேண்டாம். தாண்டிவிடுவார் என்ற பயம் போதும். பயந்துபோய் எதிரணி இரண்டு பேரை அனுப்பும். இரண்டு பேர் இங்கே வந்தால் இன்னொரு இடத்தில் ஒருவன் காலியாக நிற்கிறான் என்பது கூட்டல் கழித்தல் தெரிந்தவர்களுக்கெல்லாம் புரியும். ஆனால் எப்போதும் திருப்பித்தான் கொடுப்பார் என்று தெரிந்த விங்கருக்கு யார் இரண்டு பேரை அனுப்புவார்கள்?

கபடியில் பாடிப் போகிறவன் நாலு தடவை வெறுங்கையோடு வந்தால் அவனை யாரும் திட்டுவதில்லை. ஐந்தாவது தடவை மூன்று பேரைத் தொட்டு வருவான் என்று தெரியும். கால்பந்தில் மட்டும் ஏன் இந்தப் பொறுமை இல்லை?

வளைந்த காலும் சின்ன எறும்பும்

1958 உலகக்கோப்பை, சுவீடன். பிரேசில் அணியில் கரிஞ்சா என்று ஒருவர். இரண்டு காலும் ஒரே பக்கமாக வளைந்தவர். வலது ஓரத்தில் அவரை நிறுத்த முடிந்த டிஃபெண்டர் அபூர்வம். ஆனால் முதல் இரண்டு ஆட்டத்திலும் அவரை இறக்கவில்லை. பொறுப்பில்லாதவர், விளையாட்டுப் பிள்ளை என்பது அதிகாரிகளின் அபிப்பிராயம். இரண்டாவது ஆட்டத்தில் இங்கிலாந்துடன் 0-0. கோல் வரவில்லை என்றதும்தான் ஞானம் வந்தது.

ஜூன் 15, சோவியத் யூனியனுடன் மூன்றாவது ஆட்டம். கரிஞ்சாவும் 17 வயது பெலேயும் இறங்கினார்கள். ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே கரிஞ்சா ஆட்களை ஆட்டிவைத்து அடித்த பந்து கம்பத்தில் பட்டது. பெலேயும் கம்பத்தில் அடித்தார். வாவா கோல் போட்டார். மூன்று நிமிடத்தில் நடந்த கதை இது! ஆட்டம் 2-0. இறுதிப் போட்டியில் சுவீடன் முதல் கோலை அடித்தபோது, கரிஞ்சா வலது ஓரத்தில் ஆளைத் தாண்டிப் போய்க் கொடுத்த பந்தில் வாவா சமன் செய்தார். பிறகு அதே ஓரம், அதே ஓட்டம், அதே பாஸ், மறுபடி வாவா! 2-1. கடைசியில் 5-2. கரிஞ்சாவும் பெலேயும் சேர்ந்து ஆடிய எந்த ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதே இல்லை.

இதைக் கேட்டதும் "பார், திறமைசாலியை அவன் இஷ்டத்துக்கு விட்டால் போதும்" என்று ஒரு கூட்டம் கிளம்பும். அதுவும் அரைகுறைப் பார்வைதான். கரிஞ்சாவின் சுதந்திரத்துக்கு வாடகை கட்டியவர் ஒருவர் எதிர்ப்பக்கம் இருந்தார். மரியோ ஜகாலோ. பெயருக்கு இடது விங்கர். ஆனால் பந்து போய்விட்டால் மிட்ஃபீல்டுக்கு இறங்கி ஓடிக்கொண்டே இருப்பார். அவருடைய செல்லப்பெயரே "சின்ன எறும்பு". ஒரு பக்கம் எறும்பு இருந்ததால்தான் மறுபக்கம் பறவை பறந்தது. 1962ல் பெலே இரண்டாவது ஆட்டத்திலேயே காயம்பட்டு வெளியேறிய பிறகும், காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு, அரையிறுதியில் சிலிக்கு எதிராக இரண்டு என்று கரிஞ்சா அடித்துத் தள்ளினார். அப்போதும் ஜகாலோ அந்தப் பக்கம் ஓடிக்கொண்டுதான் இருந்தார்.

1953 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியிலும் இதே பாடம்தான். போல்ட்டன் 3-1 என்று முன்னிலையில் இருந்தது. பிளாக்பூல் அணியின் வலது விங்கர் ஸ்டான்லி மாத்யூஸுக்கு வயது 38. போல்ட்டனின் இடது பக்கம் காயத்தாலும் தசைப்பிடிப்பாலும் தள்ளாடியது. பிளாக்பூல் ஆட்டக்காரர்கள் யோசிக்கவே இல்லை, பந்தை மாத்யூஸிடமே திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். 4-3 என்று ஜெயித்தார்கள். ஹாட்ரிக் அடித்தவர் மார்ட்டன்சன், ஆனால் அந்த ஆட்டத்தை உலகம் மாத்யூஸ் பெயரால்தான் அழைக்கிறது. எதிரியின் பலவீனமான ஓரம் எது என்று பார்த்து, அங்கே டிரிப்ளருக்குப் பந்து ஊட்டிக்கொண்டே இருந்தார்கள். இதற்குப் பெயர்தான் பயன்படுத்துவது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1966ல் ஆல்ஃப் ராம்சே விங்கரே இல்லாமல் இங்கிலாந்துக்கு உலகக்கோப்பை வாங்கிக் கொடுத்தார். லீக் சுற்றின் மூன்று ஆட்டத்தில் மூன்று விங்கர்களைப் பரிசோதித்தார். திருப்தி இல்லை. காலிறுதியிலிருந்து விங்கரையே எடுத்துவிட்டார். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. தன் திட்டத்துக்கு ஒத்துவராத ஆளை அவர் இறக்கவில்லை. இறக்கிவிட்டுக் கையைக் கட்டிப்போடுவதுதான் இன்றைய வழக்கம். அதற்கு ராம்சேவைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

அப்படியானால் எப்படித்தான் பயன்படுத்துவது?

1. தனியாகப் பிடித்துக் கொடுங்கள். இரண்டு பேர் காவலுக்கு வந்து நின்ற பிறகு பந்தைக் கொடுத்துவிட்டு "ஏன் தாண்டவில்லை?" என்று கேட்பது அநியாயம். மறுபக்கத்தில் நாலைந்து பாஸ் ஆடி எதிரணியை அங்கே இழுக்க வேண்டும். பிறகு ஒரே நீளப் பாஸில் பந்தை இந்த ஓரத்துக்கு மாற்ற வேண்டும். பந்து காற்றில் வரும் அந்த இரண்டு மூன்று நொடிதான் விங்கரின் சொத்து. அதை நான்கு சின்னப் பாஸ்களில் நிதானமாகக் கொண்டு வந்தால் சொத்து கரைந்துவிடும்.

2. பக்கத்தில் ஓட ஒரு ஆள் வேண்டும். பேயர்ன் மியூனிக்கில் ஆர்யன் ராப்பன் 2009 முதல் பத்து ஆண்டுகள் செய்தது ஒரே ஒரு வித்தை: வலது ஓரத்தில் வாங்கி, இடது காலுக்கு வெட்டி, அடிப்பது. உலகத்துக்கே தெரியும். ஆனாலும் நிறுத்த முடியவில்லை. ராப்பனின் வேகம் ஒரு காரணம். இன்னொரு காரணம் பல வருடம் அவருக்குப் பின்னால் இருந்து வெளிப்பக்கமாக ஓடி வந்த பிலிப் லாம். டிஃபெண்டர் லாமைப் பார்த்தால் ராப்பன் உள்ளே போவார், ராப்பனை அடைத்தால் லாமுக்குப் பந்து போகும். லாம் ஓடிய ஓட்டத்தில் பாதிக்குப் பந்தே வராது. ஆனால் அந்த வெற்று ஓட்டம்தான் கோலுக்கு முதலீடு.

3. முதுகைக் காப்பாற்றுங்கள். விங்கர் தாக்கப் போகும்போதே, பந்து போனால் யார் எங்கே நிற்பது என்று முடிவாகியிருக்க வேண்டும். "அவன் பந்தை இழந்ததால் கோல் வாங்கினோம்" என்று ஒரு கோச் சொன்னால், பெரும்பாலும் அதற்கு அர்த்தம் "பின்னால் ஆள் நிறுத்த நான் மறந்துவிட்டேன்" என்பதுதான்.

4. பெட்டிக்குள் ஆள் அனுப்புங்கள். கடைக்கோடு வரை போய்ப் பந்தைத் திருப்பினால் அங்கே வாங்க ஆள் இருக்க வேண்டாமா? அடாமா டிராவோரே கதை இதற்கு உதாரணம். ஆளைத் தாண்டுவதில் சூரன். ஆனால் ஆஸ்டன் வில்லா, மிடில்ஸ்பரோ இரண்டிலும் ஆடிய காலத்தில் இரண்டு கிளப்பும் பிரீமியர் லீகிலிருந்து இறங்கிவிட்டன. "கடைசிப் பாஸ் தெரியாதவன்" என்று முத்திரை குத்தினார்கள். வுல்வ்ஸ் அணியில் நூனோ எஸ்பிரிட்டோ சாண்டோவின் கீழ், 2019-20ல், பெட்டிக்குள் ராவுல் ஹிமேனஸ் என்ற அருமையான ஸ்ட்ரைக்கர் இருந்தபோது அதே டிராவோரே லீகில் 4 கோல் அடித்து 9 கோலுக்குப் பந்து கொடுத்தார். சிட்டியின் மைதானத்திலேயே இரண்டு கோல் அடித்து 2-0 என்று ஜெயிக்க வைத்தார். 2020 நவம்பரில் ஹிமேனஸ் தலையில் பலமாக அடிபட்டு அந்தப் பருவம் முழுக்க ஆடவில்லை. டிராவோரேயின் எண்ணிக்கையும் சரிந்தது. கால் அதே கால்தான். பெட்டிக்குள் இருந்த ஆள்தான் இல்லை.

5. கட்டுப்பாடும் சொல்லிக் கொடுங்கள். டிரிப்ளருக்குச் சுதந்திரம் வேண்டும், ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. சொந்தப் பாதியில் வித்தை காட்டக் கூடாது. ஒருவரைத் தாண்டியதும் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும், தாண்டியவனையே திரும்ப வந்து தாண்டக் கூடாது. பந்து போனால் முதல் ஐந்து நொடி விரட்ட வேண்டும். 2012-13 பேயர்னில் யுப் ஹைங்கஸ், ராப்பனையும் ரிபெரியையும் பின்னால் ஓடி வந்து உதவச் செய்தார். அதற்காக முன்னால் அவர்கள் காலைக் கட்டவில்லை. சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் 89வது நிமிடம் ரிபெரி தட்டிவிட, ராப்பன் உள்ளே புகுந்து அடித்தார். டார்ட்மண்டுக்கு எதிராக 2-1, கோப்பை! கட்டுப்பாடு வேறு, கைவிலங்கு வேறு.

ஆயிரம் பாஸ், பூஜ்யம் கோப்பை

இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் ஸ்பெயினைப் பார்க்கலாம். பாஸ் விளையாட்டில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. 2018 உலகக்கோப்பையில் ரஷ்யாவுக்கு எதிராக ஆயிரத்துக்கும் மேல் பாஸ். 1-1, பெனால்டியில் தோல்வி. 2022ல் மொராக்கோவுக்கு எதிராக மறுபடியும் ஆயிரத்துக்கும் மேல் பாஸ். 120 நிமிடத்தில் கோல் பூஜ்யம். பெனால்டியிலும் பூஜ்யம்! அன்று நிக்கோ வில்லியம்ஸ் என்ற டிரிப்ளர் பெஞ்சில் இருந்தார். மாற்று ஆளாகத்தான் இறக்கினார்கள்.

2024 யூரோ கோப்பையில் லூயிஸ் டி லா ஃபுவென்டே என்ன செய்தார்? அதே பாஸ், அதே மிட்ஃபீல்டு, ஆனால் இரண்டு ஓரத்திலும் ஆளைத் தாண்டுகிறவர்கள். இடது பக்கம் நிக்கோ, வலது பக்கம் பதினாறு வயது லமீன் யமால். அரையிறுதியில் பிரான்ஸ் முதல் கோலை அடித்த பிறகு, யமால் பெட்டிக்கு வெளியே பந்தை இடது காலுக்கு மாற்றி மாற்றி அடித்த கோல் யாரும் திட்டம் போட்டுக் கொடுத்ததல்ல. ஆனால் அந்தப் பந்தை அந்த இடத்தில் அவன் காலில் சேர்த்தது திட்டம்தான். இறுதிப் போட்டியில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் கோல்: யமால் கொடுத்தார், நிக்கோ அடித்தார். ஒரு விங்கரிடமிருந்து இன்னொரு விங்கருக்கு! 2-1, கோப்பை ஸ்பெயினுக்கு. டிரிப்ளரும் பாஸும் எதிரிகள் அல்ல. பாஸ் அவனைத் தேடிப் போகும் பாதை, டிரிப்ளிங் அந்தப் பாதை போய்ச் சேரும் ஊர்.

இழப்பு யாருக்கு?

இதெல்லாம் பெரிய கிளப், பெரிய பணம் சம்பந்தப்பட்ட விவகாரம் என்று நினைத்தால் அது தவறு. உண்மையான சேதம் கீழே நடக்கிறது. டிவியில் பார்க்கிற முறையைத்தான் பயிற்சி மைதானத்தில் பத்து வயதுப் பையனிடமும் பெண்ணிடமும் திணிக்கிறார்கள். "ரெண்டு டச்சுக்கு மேல் வைக்காதே", "தட்டி விடு", "ரிஸ்க் எடுக்காதே". பாஸ் கொடுப்பதை இருபது வயதிலும் கற்றுக்கொள்ளலாம். ஆளை எதிர்கொண்டு தாண்டும் துணிச்சல் பத்து வயதில் அடங்கிவிட்டால் பிறகு எந்த அகாடமியாலும் முளைக்க வைக்க முடியாது. பத்து தடவை பந்தை இழந்து, பதினோராவது தடவை தாண்டி, அந்தச் சந்தோஷத்தில்தான் ஒரு யமால் உருவாகிறான். அந்தப் பத்து இழப்பையும் தடுத்துவிட்டு, பதினோராவது மட்டும் வேண்டும் என்றால் எங்கிருந்து வரும்?

டிரிப்ளரை வேண்டாம் என்று நினைக்கும் கோச் வாங்காமலேயே இருக்கட்டும், ராம்சே மாதிரி. வாங்கினால், அவனுக்குத் தனி இடம், பக்கத்தில் ஓட ஒரு லாம், எதிர்ப்பக்கம் உழைக்க ஒரு ஜகாலோ, பெட்டிக்குள் ஒரு ஹிமேனஸ் என்று கொடுக்கட்டும். பிறகு அவன் மூன்றில் இரண்டு முறை பந்தை இழந்தாலும் வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும்.

மூன்றாவது முறை எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அந்தக் கோச் உட்பட.